பக்கத்து ரூமோடு பேசாதே!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். கம்ப்யூட்டரை ஆன் பண்ணுவேன். டாலியில் என்ட்ரி போடுவேன். மாட்டிக்கொண்டால் ஆஃப் பண்ணி மறுபடி ஆன் பண்ணுவேன். என் தொழில்நுட்ப ஞானம் அதோடு சரி. அப்படிப்பட்டவன் நெட்வொர்க்கைப் பற்றி முழுசாக ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. குற்ற உணர்ச்சி.

2018-ம் வருஷம். ஓரகடம் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட். பெயர் வேண்டாம். கார்களுக்கு உள்ளே போகிற சில்லறைப் பிளாஸ்டிக் சாமான்கள் செய்து பெரிய கம்பெனிக்கு அனுப்புவார்கள். சம்பளம் சுமார். கேன்டீன் சாம்பார் அதைவிடச் சுமார்.

ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணி ஷிஃப்ட். லைன் கடைசியில் ஸ்டிக்கர் அடிக்கும் கம்ப்யூட்டர் நீலத் திரை காட்டி, தானாக அணைந்து, தானாக எழுந்து, மறுபடி நீலம் காட்டியது. சூப்பர்வைசர் அதன் தலையில் ஒரு தட்டு தட்டினார். அடுத்த லைன் கம்ப்யூட்டரும் நீலம். பத்து நிமிஷத்தில் ஸ்டோர்ஸ், குவாலிட்டி, டிஸ்பாட்ச். அரை மணியில் என் டாலி. மொத்தம் நாற்பத்து மூன்று கம்ப்யூட்டர்கள், அம்மை போட்ட மாதிரி வரிசையாகப் படுத்தன.

ஸ்டிக்கர்தானே என்று நினைக்காதீர்கள். இந்தப் பக்கத்து ஃபாக்டரிகளில் ஸ்டிக்கர் இல்லாத பெட்டி, டிக்கெட் இல்லாத பயணி மாதிரி. கேட்டிலேயே இறக்கிவிடுவார்கள். பொருள் ரெடி, லாரி ரெடி, டிரைவர் ரெடி, ஸ்டிக்கர் இல்லை. பெரிய கம்பெனிகள் நம் சாமானை மாசக்கணக்கில் வாங்கி அடுக்கி வைப்பதில்லை. சில மணி நேரத்துக்குத்தான் கையிருப்பு. நம் லாரி நின்றால் அங்கே லைன் நிற்கும். லைன் நின்றால் டெபிட் நோட் வரும்.

வந்தது. நாலு லட்சத்துச் சொச்சம். அதை என்ட்ரி போட்டவன் நான்தான். 'எந்தத் தலைப்பில் சார்?' என்று மேனேஜரைக் கேட்டேன். 'மிஸலேனியஸ்' என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆனால் என் குற்ற உணர்ச்சி அந்த நாலு லட்சத்துக்காக அல்ல.

அன்று சாயங்காலம் ஆன்ட்டி-வைரஸ்காரர் வந்து பார்த்துவிட்டு, 'யாரோ உள்ளே கொண்டு வந்திருக்காங்க' என்று சொல்லிவிட்டு பில்லைக் கொடுத்துவிட்டுப் போனார். உடனே விசாரணை கமிஷன். கேமராவில் தேடினார்கள். சனிக்கிழமை ராத்திரி ஷிஃப்ட்டில், டிஸ்பாட்ச் கம்ப்யூட்டரில் ஒரு பையன் பென் டிரைவ் செருகுகிறான். கான்ட்ராக்டில் இருந்த டிப்ளமோ பையன். உத்திரமேரூர் பக்கம் ஊர். என்னை 'அண்ணே' என்று கூப்பிடுவான்.

'யாருது அந்தப் பென் டிரைவ்?'

'என்னோடதுதான் சார்.'

அது என்னுடையது. ஸ்டாக் ரிப்போர்ட் எடுத்து வா என்று நான்தான் கொடுத்தனுப்பியிருந்தேன். அதில் ஆடிட்டருக்கான ஃபைல்களும், ஏதோ ஒரு சைட்டில் இறக்கிய சினிமாப் பாட்டுகளும் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது; அது அவனுக்குத் தெரியும். அடுத்த நாள் அவனுடைய கேட் பாஸ் வேலை செய்யவில்லை. கான்ட்ராக்டரிடம் 'இனிமே இவனை அனுப்பாதீங்க' என்று சொல்லிவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. டாலியைத் திறந்தேன்.

*

போன மாதம் மேன்ஷன் வாழ்க்கையைப் பற்றி எழுதலாமென்று மறுபடி ஓரகடம் போனேன். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் வெளியே வர ஆரம்பித்தது, 2010-ல் ஓரகடத்தில் ரெனோ-நிசான், 2012-ல் டெய்ம்லர் லாரி என்று வரிசையாக வந்ததில், ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த இடமெல்லாம் இப்போது 'பேச்சிலர்களுக்கு ரூம் கிடைக்கும்' போர்டுகள். டீக்கடையில் ஒருவர் அறிமுகமானார். நாற்பதைத் தாண்டியவர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பெரிய ஃபாக்டரியில் நெட்வொர்க் பார்ப்பவர். 'எழுதுங்க தம்பி, பேரு மட்டும் போட்றாதீங்க' என்றார். ஆகவே அவரை 'சுவிட்ச் சார்' என்று வைத்துக்கொள்வோம்.

பஜ்ஜி ஆறுவதற்குள் என் கதையைச் சொன்னேன், பென் டிரைவ் உட்பட. ஆறு வருஷத்துக்கு மேல் மனைவியிடம்கூடச் சொல்லாததை முன்பின் தெரியாத ஒருவரிடம் கொட்டினேன். டீக்கடைகளின் மகிமை அப்படி.

அவர் ஒன்றும் அதிரவில்லை.

'அன்னிக்கு சனிக்கிழமை வெளியாள் யாராவது வந்தாங்களா?'

யோசித்தேன். 'மோல்டிங் மெஷின் சர்வீஸுக்கு ஒருத்தர் லேப்டாப்போட வந்தாரு.'

'வேற பென் டிரைவ்?'

'அது ஆளுக்கு ஒண்ணு இருக்கும் சார்.'

'அப்ப உங்களுதுதான் கொண்டு வந்துச்சுன்னு எப்படிச் சொல்வீங்க? சரி, அதை விடுங்க. யார் கொண்டு வந்தாங்கறதே தப்பான கேள்வி தம்பி. ஒருத்தன் கொண்டு வந்தது எப்படி நாப்பத்து மூணுக்கும் போச்சு? அந்தக் கேள்வியை யாராவது கேட்டாங்களா?'

யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பஜ்ஜி தொண்டையில் நின்றது.

*

'2017 மே மாசம் ஞாபகம் இருக்கா?' என்றார்.

இருந்தது. மே 12, வெள்ளிக்கிழமை. 'வான்னாக்ரை' என்ற வைரஸ் உலகத்தையே அழ வைத்தது. பெயரே அப்படித்தான். கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டு, 300 டாலர் பிட்காயினில் வை, சாவி தருகிறேன் என்றது. சில நாட்களில் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேல் பாதிப்பு என்று யூரோபோல் கணக்குச் சொன்னது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் ஆபரேஷன்களைத் தள்ளிவைத்தன. பிரான்சில் ரெனோவின் சாண்டூவீல் ஃபாக்டரி நின்றது. இங்கிலாந்தில் நிசானின் சண்டர்லேண்ட் ஃபாக்டரி பாதிக்கப்பட்டது. அந்த வார இறுதியில் வந்த செய்திகளில் நம்ம ஊர் பெயரும் இருந்தது. அன்றைக்கு ரெனோ-நிசான் கூட்டணியின் கையில் இருந்த ஓரகடம் ஃபாக்டரி.

இதில் வேடிக்கை, மருந்து இரண்டு மாதம் முன்பே வந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ம் தேதியே அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டிருந்தது. போட்டுக்கொண்டவர் பிழைத்தார்.

'ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போட்றலாம். மெஷினோட வர்ற கம்ப்யூட்டர்ல கை வைக்க முடியாது தம்பி. வெளிநாட்டு மெஷின்காரன் என்ன விண்டோஸ் போட்டுக் கொடுத்தானோ அதுதான். நாம ஏதாவது அப்டேட் போட்டு மெஷின் நின்னா, வாரண்டி கிடையாதும்பான்.'

விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே கும்பிடு போட்டுவிட்டது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில். ஆனால் மெஷின் இருபது வருஷம் ஓடும். மெஷின் ஓடும்வரை அதன் பழைய விண்டோஸும் ஓடும்.

'எங்க மெஷின்ல இன்டர்நெட்டே இல்ல, அப்புறம் என்ன பயம்னு கேப்பாங்க' என்றார். 'அதுலதான் ஒரு கூத்து.'

வான்னாக்ரைக்குள் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. எழுந்ததும் ஒரு குறிப்பிட்ட இன்டர்நெட் முகவரி இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் பேசாமல் படுத்துவிடும். மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற இங்கிலாந்து இளைஞர் அதைக் கவனித்து, அந்த முகவரியை ஏதோ பத்துப் பதினோரு டாலர் கட்டிப் பதிவு செய்தார். பரவல் சட்டென்று தணிந்தது. உலகத்தின் மிக மலிவான தாயத்து! ஆனால் இன்டர்நெட் இல்லாத ஃபாக்டரி மெஷினால் அந்த முகவரியைப் பார்க்கவே முடியாதே? தாயத்து அங்கே பலிக்காது. யாராவது லேப்டாப்பிலோ பென் டிரைவிலோ உள்ளே கொண்டு வந்துவிட்டால் வைரஸ் சாவகாசமாக வீடு வீடாகப் போகலாம்.

'வெளிக்கதவைப் பூட்டியாச்சு. உள்ளே ரூமுக்கு ரூம் கதவே இல்ல' என்றார் சுவிட்ச் சார்.

*

இனி கொஞ்சம் பாடம். தூங்கிவிடாதீர்கள், எனக்கே புரிந்தது உங்களுக்கும் புரியும்.

ஆபீஸில் எல்லா ஒயரும் போய்ச் சேரும் பெட்டிதான் சுவிட்ச். பச்சை விளக்கு கண்ணடிக்குமே, அது. உங்கள் கம்ப்யூட்டர் பிரிண்டருக்குத் தகவல் அனுப்பினால், அது எந்த ஓட்டையில் இருக்கிறது என்று பார்த்து அங்கே மட்டும் தள்ளும். பிரிண்டர் எங்கே என்று தெரியாவிட்டால்? கம்ப்யூட்டர் தெருவில் நின்று கத்தும். 'இந்த நம்பர் யாருப்பா?' சுவிட்ச் அந்தக் கத்தலை எல்லா ஓட்டைக்கும் அனுப்பும். உரியவர் 'நான்தான்' என்பார். இதற்கு பிராட்காஸ்ட் என்று பெயர்.

கத்துவதில் தப்பில்லை. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர், குரு ரகசியமாகச் சொன்ன மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி ஊருக்கே கேட்கச் சொன்னார் என்பது வைணவ மரபு சொல்லும் கதை. நல்லதை பிராட்காஸ்ட் பண்ணலாம். வைரஸும் அதே தெருவில் நின்று 'யாரெல்லாம் இருக்கீங்க?' என்று கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டுமே, அதுதான் சங்கடம். வான்னாக்ரை தட்டியது ஃபைல் ஷேரிங்குக்கான கதவை. எண் 445.

இதைத் தடுக்க முதலில் வந்த வழி, ஒரே சுவிட்சைப் பல தெருக்களாகப் பிரிப்பது. அக்கவுண்ட்ஸுக்கு ஒரு தெரு, ஸ்டோர்ஸுக்கு ஒரு தெரு. இதுதான் வி-லான். ஒரு தெருவில் கத்தினால் அடுத்த தெருவுக்குக் கேட்காது. ஆனால் அதே தெருவில் இருப்பவர்களுக்குக் கேட்கும். ஸ்டிக்கர் அடிக்கும் கம்ப்யூட்டர் இருபது ஒரே தெருவில் இருந்தால், ஒன்றுக்குக் காய்ச்சல் என்றால் இருபதுக்கும் காய்ச்சல்.

'அப்ப ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு தெரு போட்டுடலாமே?' என்றேன், கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு.

சுவிட்ச் சார் சிரித்தார். 'போடலாம். ஒரு தெருவுக்கு நாலு முகவரி ஒதுக்கணும். தெருப் பெயருக்கு ஒண்ணு, கத்தறதுக்கு ஒண்ணு, தெருமுனை கேட்டுக்கு ஒண்ணு, மிச்சம் ஒண்ணுலதான் உங்க கம்ப்யூட்டர். நாப்பத்து மூணு கம்ப்யூட்டருக்கு நூத்து எழுபத்திரண்டு முகவரி. தெரு நம்பரும் மொத்தமே 4,094 தான். அதைக்கூட விடுங்க. மெஷின்காரன் உள்ளே அடிச்சு வெச்ச முகவரியை மாத்தணும்னா கொரியாவுல இருந்து ஆள் வரணும். யார் செலவு பண்றது?'

இந்த இடத்தில்தான் கதாநாயகன் வருகிறார். பிரைவேட் வி-லான்.

*

நான் எழுதப் போன மேன்ஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கட்டடம், ஒரே கதவு இலக்கம், ஒரே மெஸ். ஆனால் ரூமுக்கு ரூம் ஆள் வேறு. இப்படி மூன்று சட்டம் போடுங்கள்.

ஒன்று, தனி ரூம். இதில் இருப்பவர் மெஸ் அக்காவோடு மட்டும் பேசலாம். பக்கத்து ரூம்காரர் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது. இதற்கு ஐசோலேட்டட் போர்ட் என்று பெயர்.

இரண்டு, கூட்டு ரூம். நாலு பேர் ஒரே ரூம், அவர்களுக்குள் பேசிக்கொள்ளலாம், மெஸ் அக்காவோடும் பேசலாம். அடுத்த ரூம் கூட்டத்தோடு பேச்சு கிடையாது. இது கம்யூனிட்டி போர்ட்.

மூன்று, மெஸ் அக்கா. அவர் எல்லோரோடும் பேசலாம், எல்லோரும் அவரோடு பேசலாம். இதற்கு இன்ஜினீயர்கள் வைத்திருக்கும் பெயர் ப்ராமிஸ்குவஸ் போர்ட். டிக்‌ஷனரியில் அர்த்தம் பார்த்தேன். மெஸ் அக்காவின் முன்னால் சொல்ல மாட்டேன்.

ஃபாக்டரியில் மெஸ் அக்கா இடத்தில் இருப்பது சர்வரும், வெளியே போகும் வழியான கேட்வேயும். ஸ்டிக்கர் கம்ப்யூட்டருக்கு சர்வரோடு மட்டும்தான் வேலை. பக்கத்து லைன் ஸ்டிக்கர் கம்ப்யூட்டரோடு அதற்கு ஜென்மத்தில் ஒரு வார்த்தை பேச வேண்டிய அவசியம் இல்லை. கேமராவும் அப்படித்தான், ரெக்கார்டரோடு மட்டும் பேசினால் போதும். ஒரே மெஷினின் கண்ட்ரோலரும் அதன் திரையும் மட்டும் தங்களுக்குள் பேசியாக வேண்டும். அவற்றைக் கூட்டு ரூமில் போடு. எல்லோருக்கும் பழைய முகவரியே இருக்கட்டும். கொரியாவிலிருந்து ஆள் வர வேண்டாம்.

எப்படி நடக்கிறது? ஒன்-வே டிராஃபிக் மாதிரி. சர்வரிலிருந்து மெஷினுக்கு வரும் தகவல் ஒரு தெரு நம்பரில் வருகிறது, அது முதன்மை வி-லான். மெஷினிலிருந்து சர்வருக்குப் போகும் தகவல் வேறு நம்பரில் போகிறது, அது துணை வி-லான். தனி ரூம்களின் துணை நம்பரில் வரும் எதையும் சுவிட்ச் இன்னொரு தனி ரூமுக்குள் விடாது. மெஷின் கத்தினாலும் மெஸ் அக்காவுக்கு மட்டுமே கேட்கும். ஒரே தெருவில் ஐநூறு தனி ரூம் இருந்தாலும் அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு துணை நம்பர் போதும். சிஸ்கோ கம்பெனியின் இந்த ஏற்பாடு 2010 பிப்ரவரியில் ஆர்.எஃப்.சி. 5517 என்ற ஆவணமாக வெளிவந்திருக்கிறது. ஒரே இடத்தில் பல வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்களை வைத்துக்கொள்ளும் டேட்டா சென்டர்காரர்கள் இதை வெகு நாளாக உபயோகிக்கிறார்கள்.

'புரிஞ்சுதா?' என்றார்.

எனக்கு வேறு பாஷையில் புரிந்தது. சண்ட்ரி டெட்டார்ஸ்! கடைக்கு நூறு கடன்காரர்கள். ஒவ்வொருவருக்கும் கடையோடு கணக்கு உண்டு. கடன்காரருக்கும் கடன்காரருக்கும் நடுவே கணக்கு கிடையாது. ஒருவர் மஞ்சக் கடுதாசி கொடுத்தால் கடைக்கு நஷ்டம் வரும்; அதனால் மற்ற தொண்ணூற்றொன்பது பேர் திவாலாக மாட்டார்கள். ஐந்நூறு வருஷமாக லெட்ஜரில் இருக்கும் ஞானம்.

*

இது ஏதோ சின்ன கம்பெனிகளின் தலைவலி என்று நினைக்க வேண்டாம். தைவானில் டி.எஸ்.எம்.சி. இருக்கிறது. உங்கள் பாக்கெட்டில் ஐபோன் இருந்தால் அதன் மூளை அங்கே செய்ததாகத்தான் இருக்கும். 2018 ஆகஸ்ட் 3-ம் தேதி, புதிதாக வந்த ஒரு மெஷினில் சாஃப்ட்வேர் ஏற்றியதில் தவறு நடந்தது. அந்த மெஷினை நெட்வொர்க்கில் சேர்த்தார்கள். வைரஸ் கிளம்பி ஃபாக்டரி ஃபாக்டரியாகப் பரவியது. வான்னாக்ரையின் ஒரு வகைதான் என்று பிறகு கம்பெனியே சொன்னது. இரண்டு நாளில் எண்பது சதவீத மெஷின்களை மீட்டார்கள். அதற்கே அந்தக் காலாண்டு வருமானத்தில் மூன்று சதவீதம் அடிபடும் என்று அறிவித்தார்கள். மருந்து வந்து பதினேழு மாதம் ஆன பிறகு!

அதற்கு முந்தைய வருஷம், 2017 ஜூனில், ஜப்பானில் ஹோண்டாவின் சயாமா ஃபாக்டரி இதே வைரஸால் ஒரு நாள் நின்றது. ஒழுங்குக்குப் பேர்போன ஜப்பானிலேயே!

உள்ளே வருவதை முழுசாகத் தடுக்க முடியாது. புது மெஷின் வரும், சர்வீஸ்காரர் லேப்டாப் வரும், அக்கவுண்ட்ஸ் அண்ணனின் பென் டிரைவ் வரும். வந்தது ஒன்றோடு நிற்குமா, நாற்பத்து மூன்றுக்கும் போகுமா என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

'அப்ப இதைப் போட்டுட்டா நிம்மதி?' என்றேன்.

'கெட்டுது போங்க' என்றார் சுவிட்ச் சார். 'நாலு ஓட்டை இருக்கு.'

முதல் ஓட்டை மெஸ் அக்கா. மூணாம் ரூம்காரன் ஒரு சீட்டை எழுதி, 'அக்கா, இதை ஏழாம் ரூம்ல கொடுத்துடுங்க' என்றால்? அக்கா வெள்ளை மனசோடு கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். கேட்வேயும் அப்படித்தான். வேண்டுமென்றே ஒருவன் கேட்வே வழியாகப் பக்கத்து மெஷினுக்கு அனுப்பினால், அது திருப்பி உள்ளே அனுப்பிவிடும். ஆகவே 'இந்தத் தெருவிலிருந்து வந்து இதே தெருவுக்குப் போகிற சீட்டை வாங்காதே' என்று கேட்வேயில் ஒரு விதி எழுத வேண்டும். பல பேர் மறந்துபோவது இதைத்தான்.

இரண்டாவது, மெஸ் அக்காவுக்கே காய்ச்சல். சர்வருக்கு எல்லா ரூமுக்கும் வழி உண்டு. அது படுத்தால் எல்லோருக்கும் ஆபத்து. மற்ற கம்ப்யூட்டரில் மருந்து போட முடியாவிட்டாலும் சர்வரில் போட்டே ஆக வேண்டும்.

மூன்றாவது, மேஜைக்கு அடியில் இருக்கிறது. சுவரில் ஒரே ஒரு ஓட்டை, கம்ப்யூட்டர் மூன்று. என்ன செய்கிறோம்? பஜாரில் எட்டு ஓட்டைச் சின்ன சுவிட்ச் ஒன்றை வாங்கி வந்து மூன்றையும் அதில் செருகிவிடுகிறோம். அந்த மூன்றும் தங்களுக்குள் தாராளமாகப் பேசும். மேலே இருக்கும் பெரிய சுவிட்சுக்கு அது தெரியவே தெரியாது. தனி ரூமுக்குள்ளே தட்டி போட்டு மூன்று பேரைக் குடி வைத்த கதை.

நான்காவது, விலை குறைந்த சுவிட்சுகளில் 'புரொடக்டட் போர்ட்' என்று ஒன்று இருக்கும். அதுவும் பக்கத்து ரூமோடு பேசாதே ரகம்தான். ஆனால் அந்த ஒரு பெட்டிக்குள் மட்டும்தான் செல்லும். அடுத்த பெட்டியில் இருப்பவனோடு பேசலாம். ஃபாக்டரியில் பெட்டிகள் பத்து இருபது இருக்கும். எல்லாப் பெட்டியிலும் ஒரே சட்டம் நடக்க நிஜமான பிரைவேட் வி-லான் தெரிந்த சுவிட்சுகள் வேண்டும், நடுவில் இருக்கும் பெட்டிகள் உட்பட.

'உங்க கம்பெனியில என்ன சுவிட்ச் இருந்துச்சு?' என்று கேட்டார்.

தெரியாது. ஆனால் பில் என் கையால்தான் பாஸ் ஆகியிருக்கும். அதில் 'மலிவானது' என்று ஒரு டிக் போட்டவனும் நானாகவே இருந்திருக்கலாம்.

*

நாளைக்கு உங்கள் ஆபீஸில் நெட்வொர்க் பார்ப்பவரை டீ வாங்கிக் கொடுத்து ஐந்து கேள்வி கேளுங்கள். இன்ஜினீயராக இருக்க வேண்டியதில்லை. டீக்குக் காசு இருந்தால் போதும்.

1. என் கம்ப்யூட்டரிலிருந்து பக்கத்து சீட் கம்ப்யூட்டரைத் தொட முடியுமா? முடியும் என்றால், ஏன்?

2. கேமரா, பிரிண்டர், மெஷின் எல்லாம் அக்கவுண்ட்ஸோடு ஒரே தெருவில் குடியிருக்கின்றனவா?

3. அப்டேட் போட முடியாத பழைய விண்டோஸ் எத்தனை இருக்கின்றன, அவை யாரோடு பேசுகின்றன?

4. வெளியாள் லேப்டாப்பை எந்த ஓட்டையில் செருகுகிறார்?

5. மேஜைக்கு அடியில் எத்தனை குட்டி சுவிட்ச்?

'அதெல்லாம் எனக்குத் தெரியாது, நீங்க உங்க வேலையைப் பாருங்க' என்று பதில் வந்தால், இன்னொரு டீ வாங்கிக் கொடுங்கள். அவருக்கும் மேலிடத்தில் பணம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள், பாவம்.

*

ஓரகடத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு நாங்கள் செய்தது என்ன? நாற்பத்து மூன்று கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்து மறுபடி அதே தெருவில், அதே மாதிரி கதவில்லாமல் குடி வைத்தோம். அந்தப் பையனை மட்டும் வெளியே அனுப்பினோம். தனியாக வைக்க வேண்டியது மெஷினை. தனியாக விட்டது ஆளை.

பழைய ஆட்கள் நாலு பேரைப் பிடித்து அவன் நம்பரை வாங்கினேன். உத்திரமேரூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறானாம். கூப்பிட்டேன்.

'அண்ணே! நல்லா இருக்கீங்களா? கல்யாணம் ஆச்சா?'

அவனுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. குழந்தைக்கு ஐந்து வயது என்றேன். பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தப்பும் தவறுமாக, சுவிட்ச், மெஸ் அக்கா, டெட்டார்ஸ் எல்லாம் கலந்து சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

'விடுங்கண்ணே. நான் அப்பவே மறந்துட்டேன். இந்தக் கடையும் நல்லாத்தான் போகுது.'

'நிஜமாவா?'

'நிஜமாண்ணே. எங்கப்பாதான்... இன்னும் யாராவது ஃபாக்டரி வேலை பத்திப் பேசினா, 'நீ அங்க என்னதாண்டா பண்ணே'ன்னு கேப்பாரு. நான் ஒண்ணும் பண்ணலப்பான்னு சொல்லுவேன். நம்ப மாட்டாரு.'

அவனுடைய அப்பா இந்தப் பத்திரிகையை வாரா வாரம் படிப்பாராம். சலூனில் ஓசிப் பிரதி. இந்த வாரம் ஓசி வேண்டாம். ஒரு பிரதியை நானே உத்திரமேரூருக்குத் தபாலில் அனுப்புகிறேன்.

ஐயா, உங்கள் பையன் ஒன்றும் செய்யவில்லை. பென் டிரைவ் என்னுடையது.